என்டிசியில் கல்வி: ‘விழிப்புணர்வு’ என்ற ஒரு வரிக்கு மேல் என்ன எழுதலாம்?

தென்றல்_பா (கேள்வி)

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒவ்வொரு நாடும் கொடுக்கும் காலநிலை உறுதிமொழியில் (தேசிய அளவில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு, இனி என்டிசி) கல்வியையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பரிந்துரைக் குறிப்பு தயாராகிறது. இந்தியாவின் அடுத்த சுற்றை மனதில் வைத்து எழுதுகிறோம். 2022 ஆகஸ்டில் இந்தியா புதுப்பித்துக் கொடுத்த என்டிசியில் ‘லைஃப்’ என்னும் வாழ்க்கைமுறை இயக்கம்தான் முதல் வரி. பள்ளி, ஆசிரியர், பாடத்திட்டம் பற்றி அளக்கக்கூடிய இலக்கு எதுவும் அதில் இல்லை.

இப்போது கையில் இருக்கும் வரைவு:

“2035க்குள் எல்லாப் பள்ளிகளிலும் காலநிலைக் கல்வி கட்டாயமாக்கப்படும். எல்லா ஆசிரியர்களுக்கும் ஐந்து நாள் பயிற்சி அளிக்கப்படும். இதன் மூலம் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 2.86 டன் கரியமில வாயுவைக் குறைப்பார். பள்ளிகளில் சூரிய மின்தகடுகள் பொருத்தப்படும். மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்.”

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நிற்குமா? குறிப்பாக மூன்று கேள்விகள். ஒப்பந்தத்தின் எந்த இடத்தைக் காட்டி இதைக் கேட்பது? டன் கணக்கு போடாமல் இதை உறுதிமொழி என்று சொல்ல முடியுமா? நிறைவேறியதா இல்லையா என்று யார், எந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்வது?

---

பிரிவு_பன்னிரண்டு

முதல் கேள்விக்கு.

1992 ஐ.நா. காலநிலை மாநாட்டு ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவும், 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவும்தான் உங்கள் பிடிமானம். கல்வி, பயிற்சி, பொது விழிப்புணர்வு, மக்கள் பங்கேற்பு, தகவல் பெறும் வசதி, இவற்றுக்கான நாடுகளிடை ஒத்துழைப்பு ஆகிய ஆறையும் சேர்த்து ‘ஏஸ்’ என்று அழைக்கிறார்கள். இதற்கான வேலைத்திட்டம் 2002இல் புது டெல்லியில் பிறந்தது. பிறகு 2012இல் தோஹா, 2021இல் கிளாஸ்கோ. இப்போது நடப்பில் இருப்பது பத்தாண்டுக்கான கிளாஸ்கோ திட்டம். டெல்லியில் பிறந்த திட்டம் என்பதைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய அதிகாரிகளிடம் பேசும்போது உதவும்.

12ஆம் பிரிவைக் கையில் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் ‘ஒத்துழைக்க வேண்டும்’ என்று கட்டாயமாகவே இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே ‘பொருத்தமானபடி’ என்ற சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. கல்வியை என்டிசிக்குள் வைத்தே தீர வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. எனவே “ஒப்பந்தப்படி கட்டாயம்” என்று எழுதினால் சட்டம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே உங்களை மடக்கிவிடுவார். “12ஆம் பிரிவின் கடமையை நிறைவேற்ற 4ஆம் பிரிவின் கீழ் வரும் என்டிசியைப் பயன்படுத்துக” என்று எழுதுங்கள். அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இலக்கை உயர்த்துவதற்காக ஒரு நாடு தன் என்டிசியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று 4ஆம் பிரிவின் 11ஆம் உட்பிரிவு இடம் கொடுக்கிறது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். பல நாடுகளின் என்டிசியில் கல்வி ஏன் ஒரு வரியாகச் சுருங்குகிறது தெரியுமா? படிவம் அப்படி. என்டிசியில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்று 2018 கடோவிட்சே காலநிலை மாநாட்டின் முடிவு ஏழு தலைப்புகளைத் தருகிறது: அளவுக்கான ஒப்பீட்டுப் புள்ளி, காலவரம்பு, எல்லை, திட்டமிட்ட முறை, கணக்கீட்டு அனுமானங்கள், நியாயமும் முனைப்பும், ஒப்பந்த நோக்கத்துக்கான பங்கு. கல்விக்குத் தனித் தலைப்பு கிடையாது. மக்கள் பங்கேற்பு என்பது ‘திட்டமிட்ட முறை’ என்ற தலைப்பின் அடியில் வருகிறது. வரைவு எழுதுபவர் கல்வியையும் அங்கேயே கொண்டுபோய்ச் சொருகிவிடுவார். விளைவு, “இந்த ஆவணம் தயாரிக்கையில் இத்தனை பயிலரங்குகள் நடந்தன” என்று முடிந்த கதையாக அது மாறிவிடும். இனி செய்யப்போவதாக இருக்காது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கல்வி என்ற சொல்லை அல்ல, அது நிற்கும் இடத்தை. இலக்குகளின் பட்டியலில் எண்ணிட்டு வர வேண்டும். காரணம் பின்னால் தெரியும்: 13ஆம் பிரிவின் கீழ் ஈராண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் (முதலாவதற்கான கெடு 2024 டிசம்பர் 31) ஒவ்வொரு நாடும் தன் என்டிசி முன்னேற்றத்தைத் தானே தேர்ந்தெடுத்த குறியீடுகளால் காட்ட வேண்டும். அந்தக் குறியீடு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பண்புசார்ந்ததாகவும் இருக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கும் இதுவே பதில். டன் இல்லாமல் உறுதிமொழி தரலாம். குறியீடு இல்லாமல் தந்தால் அது அட்டவணைக்குள் ஏறாது, யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள்.

மற்ற நாடுகளை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால்: சிலி 2020 ஏப்ரலில் கொடுத்த என்டிசியில் திறன் வளர்ப்புக்கும் மக்களை வலுப்படுத்துவதற்கும் தனி உத்தி ஒன்றை வகுப்பதாக உறுதி தந்தது. பிறகு 2022இல் காலநிலைச் சட்டமும் இயற்றியது. கம்போடியா 2020 டிசம்பரில் கொடுத்த பதிப்பில் கல்வி அமைச்சகம் செய்ய வேண்டிய வேலைகளும் நடவடிக்கைப் பட்டியலுக்குள் வருகின்றன. இத்தாலியைக் காட்ட வேண்டாம். பள்ளிகளில் காலநிலைப் பாடம் கட்டாயம் என்ற அதன் 2019 அறிவிப்பு (ஆண்டுக்குச் சுமார் 33 மணி நேரம்) உள்நாட்டுப் பள்ளிக் கொள்கை, என்டிசி அல்ல. இரண்டையும் குழப்பியடிக்கும் கட்டுரைகள் ஏராளம்.

---

மின்னலகு

வரைவின் மூன்றாவது வாக்கியத்தை இன்றே அடித்துவிடுங்கள்.

2.86 டன் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பாடம் ஒன்றை எடுத்து முடித்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டு எடுத்த ஆய்வு. 2020இல் வெளியானது. ஆய்வில் குறையில்லை. அதை இங்கே தூக்கி வந்து நடுவதுதான் தவறு. அப்படி நடுவதில் மூன்று ஓட்டைகள் உண்டு. பழைய மாணவர்கள் தாங்களே சொன்ன தகவல் அது. ஓராண்டு ஆழமாக நடந்த பாடம், ஐந்து நாள் பயிற்சி பெற்ற ஆசிரியர் எடுக்கும் ஒரு அலகு அல்ல. மூன்றாவதுதான் பெரியது: அமெரிக்கரின் கார், வீட்டுச் சூடேற்றி, விமானப் பயணம் எல்லாம் குறைந்த அளவு அது. இந்தியாவில் ஒரு ஆளுக்குச் சராசரி கரியமில வாயு உமிழ்வே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன்தான். 2 டன் உமிழ்கிறவர் 2.86 டன்னை எங்கிருந்து குறைப்பார்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதுவும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டு உமிழ்வு சராசரிக்கும் கீழே.

கல்வியால் டன் குறையாது என்று சொல்லவில்லை. அந்த டன் ஏற்கெனவே மின்சாரம், போக்குவரத்து, கழிவு ஆகிய துறைகளின் கணக்கில் வந்துவிடும். பஸ்ஸில் போகும் மாணவன் குறைத்ததைப் போக்குவரத்துத் துறை ஒருமுறை, கல்வித் துறை ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணக் கூடாது.

சூரிய மின்தகடுக்கும் இதே கதைதான். கணக்கு எளிது. 5 கிலோவாட் தகடு, தமிழ்நாட்டு வெயிலில் கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட். ஆண்டுக்கு 5 × 4 × 365 = 7,300 யூனிட். மின்கட்டமைப்பிலிருந்து (கிரிட்) வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால் ஆண்டுக்கு 5 டன் மிச்சம். ஆனால்:

– இந்தத் தகடு, புதைபடிவம் சாராத மின்திறன் 50 சதவீதம் என்ற 2022 என்டிசி இலக்கிற்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. கல்வித் தலைப்பில் மறுபடி எழுதினால் இரட்டைக் கணக்கு என்று திருப்பி அனுப்புவார்கள்.

– பள்ளி ஆண்டில் சுமார் 220 நாள்தான் இயங்கும். மீதி 145 நாள் மின்சாரம் மின்கட்டமைப்புக்குப் போக நெட் மீட்டர் (வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வேண்டும். அது இல்லாமல் போட்டால் 7,300 யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்கு வீண். கோடை விடுமுறைதான் வெயில் உச்சம் என்பதால் உண்மை இழப்பு இன்னும் அதிகம்.

– தகடு பொருத்த நிதி இருக்கும், இன்வெர்ட்டர் பழுதானால் மாற்ற நிதித் தலைப்பே இருக்காது. இலக்கில் “பொருத்தப்பட்ட பள்ளிகள்” என்று எழுதாதீர்கள். “கடந்த 12 மாதத்தில் மின் உற்பத்தி பதிவான பள்ளிகள்” என்று எழுதுங்கள்.

தகடு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், பாடக்கருவியாக. மீட்டர் வாசிப்பை ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குக் கொண்டுவந்தால் அது கல்வி. மொட்டைமாடியில் பூட்டிக் கிடந்தால் அது வெறும் மின்சாரம்.

---

குறுவள_மையம்

ஆசிரியர் பயிற்சி வரிக்கு வருகிறேன். அதுதான் கைக்கு எட்டாத வரி. 2023-24 யுடைஸ் பிளஸ் (ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பு) கணக்குப்படி இந்தியாவில் சுமார் 14.7 லட்சம் பள்ளிகள், 98 லட்சம் ஆசிரியர்கள். போட்டுப் பாருங்கள்.

98 லட்சம் பேரை ஐந்தாண்டில் முடிக்க, ஆண்டுக்கு 19.6 லட்சம். மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள், அதாவது டயட், நாடெங்கும் சுமார் 600 என்று வைத்துக்கொண்டால் ஒரு டயட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,270 பேர். அணிக்கு 40 பேர் என்றால் 82 அணி. அணிக்கு 5 நாள் என்றால் 410 நாள். ஆண்டுக்கு 365 நாள்தானே! அதுவும் டயட் வேறு எந்தப் பயிற்சியும் நடத்தாமல், ஞாயிறும் பொங்கலும் பார்க்காமல்.

இந்தக் கணக்கு உதைக்கும்போது துறை என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே. பயிற்சியை அடுக்கடுக்காகக் கீழே இறக்கும். மாநிலத்தில் முதன்மைக் கருத்தாளருக்கு 5 நாள், வட்டார வள மையத்தில் 2 நாள், குறுவள மையத்தில் (அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான மையம்) ஒரு நாள், அந்த ஒரு நாளிலும் வேறு மூன்று நிகழ்ச்சி நிரல். கடைசிப் படியில் வந்து சேர்வது ஒரு பிபிடியும் கையெழுத்துத் தாளும். மற்றொரு வழி, அரசின் திக்ஷா தளத்தில் இணையப் படிப்பு. காணொளியை ஓட விட்டுச் சான்றிதழை இறக்கிக்கொள்வார்கள். புள்ளிவிவரத்தில் நூறு சதவீதம், வகுப்பறையில் பூஜ்யம்.

செய்யக்கூடியது இது: பள்ளிக்கு ஒரு ஆசிரியர். 14.7 லட்சம் பேர், ஆண்டுக்கு 2.94 லட்சம், டயட்டுக்கு 490 பேர், 12 அல்லது 13 அணி, சுமார் 60 நாள். நடக்கும். செலவு, ஒரு ஆளுக்கு நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் (இது என் அனுமானம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்) ஆண்டுக்கு 73.5 கோடி. ஒன்றியமும் பெரும்பாலான மாநிலங்களும் 60:40 என்று பிரிக்கும் சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்டம்) நிதியில் இது பெரிய தொகையே அல்ல.

அந்த ஒருவர் மாறுதலாகிப் போனால் பள்ளி வெறுமையாகிவிடும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் பணியிடைப் பயிற்சியை மட்டும் நம்பக் கூடாது. பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் இரண்டின் பாடத்திட்டத்திலும் காலநிலை அலகு ஒன்று வர வேண்டும். அதற்கான அதிகாரம் தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்திடம். ஒருமுறை மாற்றினால் வருடா வருடம் வெளியே வருபவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்றே வருவார்கள். பணியிடைப் பயிற்சியை விடச் செலவு பலமடங்கு குறைவு. இருந்தும் பரிந்துரைக் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை. விழா எடுக்க முடியாது என்பதாலோ என்னவோ.

‘கட்டாயம்’ என்ற சொல்லையும் யோசியுங்கள். இந்தியாவில் சூழலியல் கல்வியை உச்ச நீதிமன்றம் 1991லேயே எம்.சி. மேத்தா வழக்கில் கட்டாயமாக்கிவிட்டது. 2003இல் மறுபடி உத்தரவு. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப்படிப்பு எல்லாவற்றிலும் ஆறு மாதப் பாடமாகவும் வைத்தது. நடந்தது என்ன? தேர்ச்சி பெற்றால் போதும், தரவரிசையில் சேராது என்று பல இடங்களில் ஆனதும் பாடம் நோட்ஸாகச் சுருங்கியது. கட்டாயம் என்ற நிலையே பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இன்னொரு சாட்சி, 2022இல் பாடச்சுமை குறைப்பு என்ற பெயரில் தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி பிளஸ் டூ உயிரியலில் இருந்து ‘சுற்றுச்சூழல் பிரச்சினைகள்’ அத்தியாயத்தையும், பிளஸ் ஒன் வேதியியலில் இருந்து ‘சுற்றுச்சூழல் வேதியியல்’ அத்தியாயத்தையும் நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வாழ்க்கைமுறை இயக்கத்தை முதல் வரியாக வைத்து என்டிசி போனது. பாடநூல் ஒரு கை, என்டிசி மறு கை.

ஆகவே இலக்கைப் பாடநூலில் வைக்காமல் தேர்வில் வையுங்கள். கேள்வித்தாளில் வராததை நம்மூர் வகுப்பறை தொடாது. “பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் பொதுத்தேர்வுகளில் காலநிலை சார்ந்த ஒரு வினாவாவது ஆண்டுதோறும்” என்று எழுதினால் போதும், மார்ச் மாத வினாத்தாளே சாட்சி. நீளமான அறிக்கை தேவையில்லை. மனப்பாடக் கேள்வியாக (“பசுமை இல்ல வாயுக்கள் யாவை?”) சுருங்கிவிடாமல் இருக்க, வரைபடம் அல்லது அட்டவணையைப் பார்த்து விடை எழுதும் வினா என்று குறிப்பிடுங்கள்.

---

பிரிவு_பன்னிரண்டு

குறுவள_மையம் சொன்ன தேர்வு யோசனைக்குச் சர்வதேசப் பிடி ஒன்று இருக்கிறது. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7.1 என்ற குறியீடு நான்கு இடங்களைப் பார்க்கிறது: கல்விக் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் கல்வி, மாணவர் மதிப்பீடு. காலநிலை இலக்கின் 13.3.1, நுகர்வு இலக்கின் 12.8.1 இரண்டும் இதே குறியீடுதான், எண் மட்டும் வேறு. இந்த நான்கையும் எலும்புக்கூடாக வைத்து எழுதினால் யுனெஸ்கோவுக்குக் கொடுக்கும் அறிக்கையும் என்டிசி அறிக்கையும் ஒரே தரவில் முடியும்.

ஆனால் அதன் மதிப்பெண்ணையே அடிப்படை ஆண்டு அளவாக வைக்காதீர்கள். அரசுகள் தாங்களே நான்காண்டுக்கு ஒருமுறை நிரப்பும் வினாநிரலில் இருந்து வருவது அது. கொள்கையில் சொல் இருந்தாலே மதிப்பெண் ஏறிவிடும். தொடக்கத்திலேயே உயரமாக நிற்கும் கோட்டிலிருந்து முன்னேற்றம் காட்ட முடியாது.

இன்னொன்று. இந்தியாவில் கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1976இன் 42ஆவது திருத்தம்தான் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது. சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிய 48அ, 51அ(எ) ஆகிய பிரிவுகள் வந்ததும் அதே திருத்தத்தில்தான். கையெழுத்திடுவது டெல்லி, வகுப்பு நடத்துவது மாநிலம். என்டிசியைத் தயாரிப்பதோ சுற்றுச்சூழல் அமைச்சகம், கல்வி அமைச்சகம் அல்ல. சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,000 கோடி ரூபாய்க்கு மேல், பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றியத்தின் பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத விவகாரத்தில் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். ஒரே நிதிக்குழாயை நம்பி நாட்டு உறுதிமொழி தந்தால் குழாய் அடைபடும் மாநிலத்தில் இலக்கும் அடைபடும். எனவே இலக்கின் கீழ் பொறுப்பாளர் என்று இரண்டு அமைச்சகங்களையும் எழுதுங்கள், மாநிலக் காலநிலைச் செயல்திட்டத்திலும் அதே இலக்கு வர வேண்டும் என்று சேருங்கள்.

---

வன்னித்தூவானம்

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. எல்லோரும் பாடவிதானத்தையும் தணித்தலையும் (உமிழ்வைக் குறைப்பது) பற்றியே எழுதுகிறீர்கள். இசைவாக்கம் (உங்கள் ஊரில் தகவமைப்பு என்பீர்கள், பாதிப்பைத் தாங்கத் தயாராவது) பற்றி ஒரு வரிகூட வரைவில் இல்லை. பள்ளிக்கூடம் நடந்தால்தானே பாடம்.

2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை (உங்கள் பிளஸ் டூ போல) நடுவில் நிறுத்தி டிசம்பருக்குத் தள்ள வேண்டி வந்தது. அந்த ஆண்டில் 85 நாடுகளில் குறைந்தது 24.2 கோடி மாணவரின் படிப்பு காலநிலை நிகழ்வுகளால் தடைப்பட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. பாடசாலைகள்தான் வழமையாக இடம்பெயர்ந்தோருக்கான நலன்புரி நிலையம் (முகாம்). வெள்ளம் இரண்டு நாளில் வடிந்தாலும் சனம் வீடு திரும்பி, மலசலகூடம் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, கதிரை மேசை திருத்தி வகுப்புத் தொடங்க இரண்டு கிழமை (வாரம்) ஆகும். அந்த இரண்டு கிழமையை எந்தத் திணைக்களமும் எண்ணுவதில்லை. அனர்த்த முகாமைத்துவக்காரர் குடும்பங்களை எண்ணுவார்கள், கல்விக்காரர் சேதமான கட்டடங்களை எண்ணுவார்கள்.

நான் இடச்சொல்வது ஒரேயொரு குறியீடு: “காலநிலை நிகழ்வால் இழந்த கற்பித்தல் நாட்கள், பாடசாலைக்கு, ஆண்டுக்கு.” காரணத்தைப் பிரித்துக் குறிக்க வேணும்: வெள்ளம், புயல், வெப்பம், தண்ணீர்த் தட்டுப்பாடு, முகாமாகப் பயன்பட்டது. கடைசியைத் தனியாக வையுங்கோ. அதற்குப் பரிகாரம் வேறு: ஊருக்கு ஒரு பொது மண்டபம். மற்றவற்றுக்குப் பரிகாரம் கூரை, வடிகால், மரநிழல், நாட்காட்டி மாற்றம்.

இலங்கை 2021இல் கொடுத்த என்டிசி ஆவணத்தில் இழப்பும் சேதமும் என்று தனிப் பகுதி இருக்கிறது. கல்வி நாட்களின் இழப்பை அப்படியான பகுதிக்குள் கொண்டுவருவது பொருத்தம். தணித்தல் அட்டவணையில் இடம் கேட்டுச் சண்டை போடத் தேவையில்லை. வெளிநாட்டு நிதியும் இந்தப் பக்கமாகத்தான் திறக்கிறது. பசுமைக் காலநிலை நிதியம் கல்வித்துறை வழியாக எடுத்த திட்டத்தில் கம்போடியா, தென் சூடான், டோங்கா மூன்றும் இருக்கின்றன. அதன் பெயரே சிறுவர்களின் காலநிலைத் தாங்குதிறன் பற்றியதுதான்.

---

தென்றல்_பா

எல்லாருக்கும் நன்றி. வரைவைப் பிரித்து மேய்ந்துவிட்டீர்கள். இப்போது இப்படி மாறியிருக்கிறது:

“இலக்கு அ (நிபந்தனையற்றது): 2030க்குள் பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் பாடத்திட்டங்களில் காலநிலை அலகு. பொறுப்பு: கல்வி அமைச்சகம், தேசிய ஆசிரியர் கல்வி மன்றம்.

இலக்கு ஆ (நிபந்தனையற்றது): 2035க்குள் பள்ளிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், நேரடிப் பயிற்சி ஐந்து நாள்.

இலக்கு இ (நிபந்தனையற்றது): பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் பொதுத்தேர்வுகளில் தரவைப் படித்து விடையளிக்கும் காலநிலை வினா, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று. அளவீடு: எத்தனை தேர்வு வாரியங்களில் நடந்தது.

இலக்கு ஈ (சர்வதேச நிதியைப் பொறுத்தது): காலநிலை நிகழ்வால் இழக்கும் கற்பித்தல் நாட்களை 2035க்குள் பாதியாகக் குறைப்பது.”

சூரியத் தகடு, டன், விழிப்புணர்வு மூன்றும் போய்விட்டன. ஏதாவது ஓட்டை தெரிகிறதா?

---

குறுவள_மையம்

‘ஆ’வில் இரண்டு ஓட்டை. “பயிற்சி பெற்ற” என்பதற்கு விளக்கம் வேண்டும். ஐந்து நாளும் வந்து, பிறகு மூன்று மாதத்துக்குள் தன் வகுப்பில் எடுத்த இரண்டு பாடக்குறிப்புகளைப் பதிவேற்றியவர் என்று வையுங்கள். வருகையை மட்டும் எண்ணினால் கையெழுத்துத் தாள்தான் மிஞ்சும். அடுத்தது, மாறுதல். எண்ண வேண்டியது பயிற்சி முடித்தவர்களின் மொத்தத்தை அல்ல, செப்டம்பர் 30 அன்று பயிற்சி பெற்ற ஒருவராவது பணியில் உள்ள பள்ளிகளின் விழுக்காட்டை. ஓராசிரியர் பள்ளிகளைக் குறுவள மையத்தோடு சேர்த்துக் கணக்கிடலாம். அந்த ஒருவர் ஐந்து நாள் பயிற்சிக்கு வந்தால் பள்ளியையே பூட்ட வேண்டும்.

---

மின்னலகு

‘ஈ’ இப்போதைக்கு நிற்காது. பாதி என்றால் எதில் பாதி? அடிப்படை ஆண்டு இல்லை. பள்ளி எத்தனை நாள் நடந்தது என்று தெரிந்தாலும் ஏன் நடக்கவில்லை என்று தெரிய வேண்டும். வெயிலுக்கு விடுமுறை விட்டதும் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாக்கியதும் ஒரே கணக்கில் விழக்கூடாது.

இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் இரண்டு கல்வியாண்டு பதிவு மட்டும்: வன்னித்தூவானம் சொன்ன ஐந்து காரணங்களோடு ஒரு நிரல், தலைமையாசிரியர் அன்றன்றைக்கு நிரப்புவது. தமிழ்நாட்டில் எமிஸ் என்ற பள்ளித் தரவுத் தளம் இருக்கிறது, அதில் ஒரு கீழிறங்கு பட்டியல் சேர்த்தால் போதும். ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பச் சொன்னால் எல்லாப் பள்ளியும் பூஜ்யம் என்று எழுதும், ஏனென்றால் 220 நாள் நடந்ததாகக் காட்டியாக வேண்டும். இரண்டாண்டுச் சராசரி கிடைத்த பிறகு அதிலிருந்து சதவீத இலக்கு. சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடு செய்த நாளை இழப்பிலிருந்து கழிக்காதீர்கள், தனி நிரலில் வையுங்கள்.

கூடவே, யுடைஸ் படிவத்தில் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்கிறதா, மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்ற கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. பதிவு தொடங்கும்வரை அவற்றைத் தற்காலிகக் குறியீடாகக் காட்டலாம். மழைநீர் சேகரிப்புக்கு ‘ஆம்’ என்று எழுதிய பள்ளிகளில் நூற்றுக்கு ஐந்தை நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு எழுதுங்கள். குழாய் சுவரோடு இறங்கி, தரையில் தொட்டி இல்லாமல் முடியும் ‘ஆம்’கள் நிறைய.